யோயோவும் அம்பத்தூர் லேத்தும்

"யாரு குடுத்த டிராயிங்கு இது?"

அம்பத்தூர் எஸ்டேட்ல இருக்குற மாமாவோட லேத் பட்டறை. ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் ஏ4 பேப்பர்ல பிரிண்ட் எடுத்துட்டுப் போன படத்தை, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, கையை நீட்டிப் பிடிச்சுப் பார்த்துட்டு மாமா கேட்ட கேள்விதான் மேலே.

"நான்தான் மாமா போட்டேன்."

"அது தெரியுதுடா. கம்பெனி எது? எத்தினி பீஸ் வேணுமாம்?"

"கம்பெனி எல்லாம் இல்ல மாமா. ஒரே ஒரு பீஸ். எனக்குத்தான். யோயோ."

மாமா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து மெஷின்ல இருந்த பையன் சிரிப்பை அடக்கிக்கிட்டு கூலண்ட் வாளியைத் தூக்கிக்கிட்டு வெளில போயிட்டான். முப்பது வருஷத்துக்கும் மேல லேத் ஓட்டுற மனுஷன். பிரேக் பார்ட்டு, பம்ப் பார்ட்டு, புஷ், பின்னு, காலர்னு லட்சக்கணக்குல கடைஞ்சிருப்பார். அத்தனையும் யாரோ ஒருத்தர் அனுப்பின டிராயிங். கம்பெனி பேர், பார்ட் நம்பர், டாலரன்ஸ், கையெழுத்து எல்லாம் போட்டு வரும். கம்பெனி பேர் இல்லாத டிராயிங் அந்தப் பட்டறைக்குள்ள வந்தது அதுதான் முதல் தடவையாம்.

அந்த ஒரு பீஸ் என்ன ஆச்சுன்னு கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. யோயோவை டிசைன் பண்ணலாம்னு கணினி முன்னாடி உக்காந்தப்பதான் இந்த பொம்மையோட கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட, இது பொம்மையோட கதையா, லேத்தோட கதையான்னே குழப்பம் வந்துடுச்சு. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

நம்ம ஊர் சக்ரி

யோயோன்னா அமெரிக்க பொம்மைன்னுதான் நான் நினைச்சிருந்தேன். இல்லை. பெர்லின் அருங்காட்சியகத்துல ஒரு பழைய கிரேக்கக் கிண்ணம் இருக்கு. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதுல ஒரு பையன் நூல்ல கட்டின வட்டை மேலயும் கீழயுமா ஆட்டிக்கிட்டிருக்கான். பார்த்த உடனே யோயோன்னு தெரியும்.

இந்தியாவுலயும் இது பழைய சரக்குதான். 18ஆம் நூற்றாண்டு ராஜஸ்தானிச் சிற்றோவியங்கள்ல பெண்கள் யோயோ ஆடுற காட்சி ஒரு தனி வகையாவே வருது. மாடத்துல நின்னுக்கிட்டு, ஒரு கையில நூலைப் பிடிச்சு, ரொம்ப ஒயிலா ஆடிக்கிட்டிருப்பாங்க. வடக்கே அதுக்குப் பேர் சக்ரி. மரத்தைக் கடைசல் பிடிச்சு, அரக்கு ஏத்தி, பளபளன்னு செய்வாங்க.

அதே நூற்றாண்டோட கடைசில இது ஐரோப்பாவுல பெரிய ஃபேஷன் ஆச்சு. இங்கிலாந்துல பேண்டலோர்னு பேர். பின்னாடி நாலாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் அதை ஆடுற மாதிரி 1791ல படமே அச்சடிச்சாங்க. பிரான்ஸ்ல புரட்சிக்குப் பயந்து ஓடின பிரபுக்கள் கையில இதுதான் இருந்துச்சுன்னு 'எமிக்ரெட்'னு பேர் வெச்சாங்க. நாட்டை விட்டு ஓடிப்போனவங்களோட பொம்மைன்னு அர்த்தம். 1866ல அமெரிக்காவின் சின்சினாட்டியில ஜேம்ஸ் ஹேவன், சார்லஸ் ஹெட்ரிக்னு ரெண்டு பேர் "மேம்படுத்தப்பட்ட பேண்டலோர்"னு காப்புரிமையும் வாங்கினாங்க.

அப்ப யோயோங்குற பேரு எங்கேருந்து வந்துச்சு? பிலிப்பைன்ஸ்லேருந்து. அந்த ஊர் மொழிச் சொல் அது. 1916லயே சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையோட இணைப்புல பிலிப்பைன்ஸ் பொம்மைகள் பத்தின கட்டுரையில இந்தப் பேர் அச்சாகியிருக்கு. (பிலிப்பைன்ஸ் வேடர்கள் மரத்து மேல ஏறிக்கிட்டு யோயோவால மிருகத்தோட மண்டையை உடைப்பாங்கன்னு ஒரு கதை ஊர் முழுக்க சுத்துது. அதுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. நானும் சின்ன வயசுல நம்பினவன்தான்!)

பெல்பாயும் பார்க்கிங் மீட்டர்காரரும்

பெட்ரோ ஃப்ளோரஸ். பிலிப்பைன்ஸ்லேருந்து அமெரிக்காவுக்குப் போனவர். சட்டம் படிக்கப் போய், முடிக்காம, கலிஃபோர்னியாவோட சான்டா பார்பராவுல ஹோட்டல் பெல்பாயா வேலை பார்த்துக்கிட்டிருந்தார். 1928ல சொந்தமா ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். முதல்ல கையாலேயே ஒரு டஜன் யோயோ. அடுத்த வருஷக் கடைசிக்குள்ள சுமார் 600 பேர் வேலை பார்க்குற தொழிற்சாலைகள், ஒரு நாளைக்கு 3,00,000 யோயோ. நம்பவே கஷ்டமான வளர்ச்சி.

அவர் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் பண்ணலை. நான்தான் யோயோவைக் கண்டுபிடிச்சேன்னு அவர் சொல்லிக்கவும் இல்லை. அவர் ஊர்ல செய்யுற மாதிரியே செஞ்சார், அவ்வளவுதான். ஆனா அதுல ஒரு விஷயம் இருந்துச்சு. ஐரோப்பிய பேண்டலோர்ல நூலை அச்சுல இறுக்கிக் கட்டிடுவாங்க. கீழ போச்சுன்னா உடனே மேல வந்தே ஆகணும். பிலிப்பைன்ஸ் முறையில நூலை முடிச்சுப் போடாம, இரட்டையா முறுக்கி, அச்சை ஒரு வளையம் மாதிரி சுத்தி விடுவாங்க. அதனால யோயோ கீழ போய் அங்கேயே நின்னு சுத்தும். லேசா சுண்டினா மேல வரும். இதை 'ஸ்லீப்பர்'னு சொல்வாங்க, யோயோ தூங்குதாம். இன்னிக்கு நீங்க பார்க்குற அத்தனை வித்தையும் இந்த ஒரு வளையத்துலேருந்து பொறந்ததுதான்.

நம்ம ஊர்ல பம்பரம் அசையாம ஒரே இடத்துல நின்னு சுத்தினா அதையும் தூங்குதுன்னுதான் சொல்வோம். ரெண்டு ஊர்லயும் அதே வார்த்தை. படிச்சப்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

1930 வாக்குல சிகாகோ வியாபாரி டொனால்ட் டங்கன் ஃப்ளோரஸ்கிட்டேருந்து கம்பெனியை வாங்கினார். பார்க்கிங் மீட்டர் வியாபாரத்துலயும் பேர் போனவர் இவர். 1932ல யோயோங்குற சொல்லையே தன்னோட வணிகக்குறியா ஆக்கிக்கிட்டார். அதாவது, ஒரு ஊர்க்காரங்க காலங்காலமா பேசிட்டு வந்த சொல்லை இன்னொரு ஊர்ல ஒரு கம்பெனி மட்டும்தான் பயன்படுத்தலாம். நாளைக்கு யாராவது பம்பரம்னு பதிவு பண்ணி வெச்சுக்கிட்டு, நம்மளைப் பம்பரம்னு சொல்லக்கூடாதுன்னா எப்படி இருக்கும்?

டங்கனோட யோயோ எல்லாம் மேப்பிள் மரம், லேத்துல கடைஞ்சது. 1946ல விஸ்கான்சின் மாநிலத்துல லக்ங்குற குட்டி ஊருக்குத் தொழிற்சாலையை மாத்தினாங்க. மேப்பிள் மரம் அங்கதான் நிறைய. ஒரு மணி நேரத்துக்கு 3,600 யோயோ கடைஞ்சாங்களாம். ஊரே தன்னை உலகத்தோட யோயோ தலைநகர்னு சொல்லிக்கிச்சு. 1962ல மட்டும் 4.5 கோடி யோயோ வித்துச்சு.

அப்புறம்தான் சிக்கல். தொலைக்காட்சி விளம்பரத்துக்குக் கொட்டின பணம், ஓவர்டைம் கூலி, போட்டிக் கம்பெனிங்க மேல போட்ட வழக்குச் செலவு எல்லாம் சேர்ந்து அமுக்குச்சு. ராயல்ங்குற போட்டிக் கம்பெனி மேல போட்ட வழக்குல 1965ல மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு: யோயோங்குறது அந்தப் பொருளோட பொதுப் பேர், ஒருத்தருக்கு மட்டும் சொந்தமில்லை. அந்த ராயல் கம்பெனியை ஆரம்பிச்சவரும் ஒரு பிலிப்பைன்ஸ்காரர்தான், ஜோ ரேடோவன். ஃப்ளோரஸ் காலத்துல தெருத்தெருவா யோயோ ஆடிக் காட்டி வித்தவங்கள்ல ஒருத்தர். ஊர்க்காரங்க பேர் ஒரு வழியா ஊர்க்காரங்களுக்கே திரும்ப வந்துச்சு. அதே வருஷம் டங்கன் கம்பெனி திவால். 1968ல ஃபிளாம்போங்குற பிளாஸ்டிக் கம்பெனி பேரை வாங்கிடுச்சு. மரக் கடைசல் போய், பிளாஸ்டிக் அச்சு வந்துச்சு.

பல் டாக்டர் கொண்டு வந்த அலுமினியம்

அடுத்த திருப்பம் சான் ஃபிரான்சிஸ்கோவுல. டாம் குன்னு ஒரு பல் டாக்டர். 1978ல கழட்டி மாட்டுற மர யோயோ ஒண்ணு செஞ்சார். ரெண்டு பாதியையும் திருப்பிப் போட்டா வேற வடிவம் வரும், அச்சு தேஞ்சா புதுசு மாத்திக்கலாம். அதுக்கு அடுத்த வருஷம் 256 பவுண்டு எடையில ராட்சச யோயோ ஒண்ணு செஞ்சு கிரேன்ல கட்டித் தொங்க விட்டார். இந்த மாதிரி ஆளுங்களாலதான் உலகம் சுவாரசியமா இருக்கு.

யோயோ கீழ தூங்கும்போது நூல் அச்சோட உரசிக்கிட்டே இருக்கும். அந்த உராய்வுதான் எதிரி. இதுக்கு விடை எல்லா மெக்கானிக்குக்கும் தெரிஞ்சதுதான்: பேரிங் போடு. ஸ்வீடன் நாட்டு பேரிங் கம்பெனியான எஸ்.கே.எஃப். 1984ல பேரிங் வெச்ச யோயோ செஞ்சாங்க. 1990ல டாம் குன் எஸ்பி-2ன்னு அலுமினியத்துல கடைஞ்ச, பால் பேரிங் வெச்ச யோயோவைக் கொண்டு வந்தார். 1992ல ஜெஃப்ரி ஹாஃப்மன்ங்குற விண்வெளி வீரர் ஒரு எஸ்பி-2வை விண்கலத்துலயே எடுத்துட்டுப் போனார். அங்க யோயோ தூங்காது. தூங்குறதுக்கு நூல்ல ஒரு இழுவிசை இருந்துக்கிட்டே இருக்கணும். கீழ இழுக்க எடை இல்லாததால நூல் முனைக்குப் போன உடனே திரும்பி வந்துடும்.

1997ல ஜப்பான்ல பண்டாய் கம்பெனி ஹைப்பர் யோயோன்னு விட்டதும் திரும்பப் பைத்தியம் பிடிச்சுது. அப்புறம் நடந்த விஷயம்தான் நம்ம தலைப்புக்கு நேரா வருது. மர லேத்துக்கும் பிளாஸ்டிக் அச்சுக்கும் பெரிய முதலீடு வேணும், லட்சக்கணக்குல வித்தாத்தான் கட்டுப்படி ஆகும். சிஎன்சி லேத் வந்த பிறகு ஐம்பது, நூறு பீஸ் போட்டாலே போதும். ஒரு ஆட்டக்காரன் தன் கைக்கு ஏத்த மாதிரி வீட்டுக் கணினியில வரைஞ்சு, பக்கத்துப் பட்டறையில குடுத்துக் கடைஞ்சுக்கலாம். இன்னிக்கு உலகத்துல இருக்குற நல்ல யோயோ பிராண்டுகள்ல பல, இப்படி ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஆரம்பிச்சதுதான்.

இதுக்கு ரெண்டு விஷயம் முன்னாடியே நடந்திருக்கணும். ஒண்ணு, 1952ல அமெரிக்காவோட எம்ஐடியில எண்களைப் படிச்சுத் தானே ஓடுற மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினாங்க. ஹெலிகாப்டர் இறக்கை செஞ்சுக்கிட்டிருந்த ஜான் பார்சன்ஸ்ங்குறவரோட யோசனை அது. ரெண்டாவது, 1963ல அதே எம்ஐடியில ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட்னு ஒரு நிரல் எழுதினார். திரையில பேனாவால கோடு போட்டா கணினி அதைப் புரிஞ்சுக்கும். இன்னிக்கு நாம பயன்படுத்துற ஆட்டோகேட் (1982), சாலிட்வொர்க்ஸ் (1995), இலவசமா கிடைக்குற ஃப்ரீகேட் (2002) எல்லாத்துக்கும் அதுதான் பாட்டன். அதே எம்ஐடியில இயந்திரவியல் மாணவர்களுக்கு உற்பத்தி முறைகளைச் சொல்லிக் குடுக்க ஒரு பாடம் இருக்கு. அதுல குழுக் குழுவா யோயோ டிசைன் பண்ணி, அச்சு வெட்டி, டஜன் கணக்குல ஒரே மாதிரி செஞ்சு காட்டணும்.

நான் படிச்ச காலேஜ்ல முதல் வருஷம் எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ்ல மினி டிராஃப்டரைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சு, ஐசோமெட்ரிக் வியூல கோட்டை விட்டு அரியர் வெச்சவன் நான். யோயோ குடுத்திருந்தா பாஸ் ஆயிருப்பேனோ என்னவோ :-)

எங்க ஏரியா

இப்ப அம்பத்தூர். 1949ல டிஐ சைக்கிள்ஸ் இங்க வந்துச்சு. 1955 ஜனவரியில பக்கத்து ஆவடியில காங்கிரஸ் மாநாடு. நாடு சோஷலிச பாணி சமுதாயத்தை நோக்கிப் போகணும்னு தீர்மானம் போட்டது அங்கதான். அதே வருஷம் ஆவடியில டியூப் ப்ராடக்ட்ஸ் வந்துச்சு. 1961ல கனரக வாகனத் தொழிற்சாலை. 1965ல அங்கேருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிய வந்துச்சு. பாடியில வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன்னு 60களோட தொடக்கத்துல வரிசையா வந்துச்சு. இத்தனை பெரிய கம்பெனிகளுக்கும் சின்னச் சின்ன பார்ட் கடைஞ்சு குடுக்க ஆள் வேணுமில்லையா? 1964ல அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆயிரம் ஏக்கருக்கு மேல, ஆயிரத்துக்கும் அதிகமான பட்டறைங்க.

கவனிச்சுப் பாருங்க. சதர்லேண்ட் திரையில கோடு போட்டது 1963. இங்க எஸ்டேட் வந்தது 1964. ஏறக்குறைய ஒரே வயசு.

எஸ்டேட்டோட அச்சாணி ஒரே வார்த்தைதான்: ஜாப் வொர்க். பெரிய கம்பெனி டிராயிங் குடுக்கும், சில சமயம் ராடும் குடுக்கும். பட்டறைக்காரர் கடைஞ்சு குடுக்கணும். பீஸுக்கு இத்தனை ரூபாய், இத்தனை பைசா. முடியில பாதி கனத்துக்கும் கம்மியா, 20 மைக்ரான்ல நிக்குற மாதிரி ஆயிரம் பீஸ் வரிசையா கடைஞ்சு குடுப்பாங்க. அந்தப் பார்ட் எந்த வண்டியில எந்த மூலையில போய் உக்காருதுன்னு பல சமயம் அவங்களுக்கே தெரியாது. ராஜஸ்தான்ல சக்ரி கடைஞ்சவருக்கு அது யாரோட கைக்குப் போகுதுன்னு தெரியும். இங்க தெரியாது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கான்னா, இருக்கு. நானும் தினம் ஆபீஸ்ல ஆணி புடுங்குறவன்தான். எங்கேருந்தோ டிக்கெட் வரும், கோடு எழுதுவேன், மூடுவேன். அது எந்த ஊர்ல யாருக்குப் போகுதுன்னு கேட்டா முழிப்பேன். எஸ்டேட்ல இப்ப பட்டறைங்களுக்கு நடுவுலேயே ஐடி பார்க் கட்டடங்களும் நிக்குது. மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ரெண்டு பேரும் ஜாப் வொர்க்தான்.

அந்த ஒரு பீஸ்

யோயோவைக் கணினியில வரையறது ரொம்ப சுலபம். பாதி யோயோவோட குறுக்குவெட்டுக் கோட்டை மட்டும் வரைஞ்சு, அச்சைச் சுத்தி 360 பாகை சுத்தச் சொன்னா முழு உருவமும் வந்துடும். லேத் செய்யுறதும் இதேதான். லேத்துல பொருள் சுத்தும், டூல் கோட்டு வழியா போகும்.

கஷ்டம் அந்தக் கோடு எப்படி இருக்கணும்ங்குறதுலதான். நிலைமத் திருப்புத்திறன்னு பதினொண்ணாவதுல படிச்சோமே, ஞாபகம் இருக்கா? நிறையை அச்சுலேருந்து இருக்குற தூரத்தோட இருமடியால பெருக்கணும். 10 கிராம் உலோகம் அச்சுலேருந்து 15 மில்லிமீட்டர்ல இருக்குறதை 25 மில்லிமீட்டருக்குத் தள்ளி வெச்சா, எடை அதேதான், ஆனா சுழற்சியைத் தாங்குற சக்தி சுமார் 2.8 மடங்கு. அதனால நடுவுல சுரண்டி எடுத்து விளிம்புல சேர்க்கணும். ரொம்ப சேர்த்தா கைக்கு மந்தமா இருக்கும், திருப்பினா திரும்பாது. நடுச்சுவர் ரொம்ப மெலிஞ்சா கீழ போட்டதும் நெளியும். நான் 56 மில்லிமீட்டர் விட்டம், 42 அகலம், 66 கிராம்னு வந்து நின்னேன். இதுக்கே இருபத்தெட்டு தடவை மாத்தினேன்.

முதல்ல 3டி பிரிண்டர்ல பிளாஸ்டிக்ல எடுத்துப் பார்த்தேன். கைக்கு அடங்குதா, பேரிங் உக்காருதான்னு பார்க்கலாம், ஆடிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் அலுமினியத்துல பாதி எடைகூட வராது.

அப்புறம்தான் மாமாகிட்ட போனது. 6061 அலுமினியம், 60 மில்லிமீட்டர் ராட். மாமா படத்தை முழுசாப் பார்த்துட்டு முதல்ல கேட்டது வடிவத்தைப் பத்தி இல்லை.

"பேரிங் சீட்டு மூலையில ரேடியஸ் எவ்ளோ?"

"ரேடியஸா? நேரா 90 டிகிரி மாமா."

"உன் கம்பியூட்டர்ல 90 டிகிரி வரும். என் டூல் மூக்கு 0.4 இருக்குது. மூலையில அந்த 0.4 மிச்சம் நிக்கும். பேரிங் முழுசா உள்ள போய் உக்காராது. தூக்கிக்கிட்டு நிக்கும்."

தலையில தட்டின மாதிரி இருந்துச்சு. திரையில கோடுங்க கனமே இல்லாம கூர்மையா சந்திக்குது. நிஜத்துல எந்த டூலுக்கும் ஒரு மூக்கு உண்டு. மாமா படத்துலேயே பேனாவால ஒரு சின்னக் குழி போட்டார். மூலைக்குக் கீழ லேசா அண்டர்கட், அவ்வளவுதான். யோயோ வரலாற்றுல இதுவும் ஒரு வரி :-)

ஆனா மாமாவும் ஒண்ணு தப்பினார். முதல் பீஸை உள் பக்கம் கடைஞ்சு முடிச்சுட்டு, திருப்பி வழக்கமான மூணு தாடை சக்ல பிடிச்சு வெளிப் பக்கம் கடைஞ்சார். புஷ்ஷுக்கும் காலருக்கும் அது போதும். மாட்டி வீசினா, கை முழுக்க அதிருது, மிக்ஸி மாதிரி. மாமாவுக்கு முகம் சுருங்கிடுச்சு. டயல் கேஜ் வெச்சுப் பார்த்தார். 0.08 மில்லிமீட்டர் ஓட்டம். "டிராயிங்ல நீ போடவே இல்லியேடா, எவ்ளோ ரன்-அவுட் ஆகலாம்னு"ன்னார். உண்மைதான், போடலை. எவ்வளவு இருந்தா கைக்குத் தெரியும்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது.

அடுத்த சனிக்கிழமை போனப்ப, யாரும் கேக்காமலேயே மாமா ஒரு மேன்ட்ரல் செஞ்சு வெச்சிருந்தார். யோயோவோட பேரிங் சீட்டும் நடு மரையும் அதுல போய் உக்காரும். எந்த அச்சைச் சுத்தி யோயோ சுத்தப் போகுதோ, அதே அச்சைப் பிடிச்சுக்கிட்டு வெளிப் பக்கத்தைக் கடையலாம். இந்தத் தடவை டயல் கேஜ் முள் அசைஞ்சதான்னே சந்தேகமா இருந்துச்சு. ராடுல வெட்டின ரெண்டு துண்டும் சேர்ந்து சுமார் 350 கிராம். கடைஞ்சு முடிச்சதும் 61 கிராம். மிச்சம் எல்லாம் சுருள் சுருளா தரையில. பேரிங்கும் அச்சும் சேர்ந்து ஒரு 5 கிராம். கணினி சொன்ன 66தான்.

வீசினேன். கீழ போச்சு. அதிர்வே இல்லை. தூங்குச்சு.

மாமா வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆடத் தெரியாது, நூலைப் பிடிச்சுத் தொங்க விட்டு சுத்துறதைப் பார்த்துக்கிட்டே இருந்தார். எனக்கு எட்டு வயசு இருக்கும்போது, ஊரே பேபிளேடு பேபிளேடுன்னு அலைஞ்சப்ப, வாங்கித் தர முடியாம, பித்தளை ராடு துண்டுல எனக்கு ஒரு பம்பரம் கடைஞ்சு குடுத்தவர் அவர். "அதுக்கப்புறம் நமக்குன்னு கடையறது இதான்டா"ன்னார்.

சரி, இதை விக்கலாமா?

நண்பர்கள் ரெண்டு பேர் கேட்டாங்க, இருபது பீஸ் போட்டு விக்கலாமேன்னு. விசாரிச்சேன். 2021 ஜனவரி 1லேருந்து, 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கான பொம்மையை விக்கணும்னா ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2020ல பொம்மை மேல இறக்குமதி வரியை 20லேருந்து 60 சதவீதம் ஆக்கினாங்க, 2023ல 70. மலிவான, விஷச் சாயம் பூசின பொம்மைகளைத் தடுக்கணும், இங்கேயே செய்யணும்ங்குற நோக்கம் சரிதான். பதிவு பண்ணின கைவினைக் கலைஞர்களுக்கு முத்திரையிலேருந்து விலக்கும் குடுத்திருக்காங்க. சக்ரி கடையுறவர் அந்தப் பட்டியல்ல வர வாய்ப்பு இருக்கு. சனிக்கிழமை மட்டும் இருபது பீஸ் கடையுற சிஎன்சி பட்டறை கைவினையும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. பெரியவங்களுக்கான விளையாட்டுக் கருவின்னு விக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். யோயோவைப் பார்த்து எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்?

அதனால இப்போதைக்கு விக்கலை. ஆனா வேற ஒண்ணு நடந்துச்சு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன்.

மாமா இருக்குற வரிசையில போன ரெண்டு வருஷத்துல மூணு பட்டறை மூடிட்டாங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல மோட்டார் முங்கினதுலேருந்து எழுந்தவங்க, 2020 ஊரடங்குல எழ முடியலை. இவருக்கும் இடத்தைக் குடுத்துட்டு வீட்டுல உக்காரச் சொல்லி அத்தை நச்சரிக்கிறாங்க. மாமாவும் கிட்டத்தட்ட முடிவு பண்ணி வெச்சிருந்தார். போன வாரம் போன் பண்ணினார்.

"அந்த மேன்ட்ரலை எடுத்துப் போட்டுடாதீங்கடான்னு பையன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். இந்த வருஷம் ஓட்டிப் பார்ப்போம். நீ அந்த டிராயிங்ல என் பேரையும் போட்டு ஒண்ணு அனுப்பு. கீழ மூலையில கட்டம் இருக்குதில்ல, அங்க."

நேத்து ராத்திரி அனுப்பிட்டேன். வரைந்தவர்னு ஒரு கட்டம், அதுல என் பேர். கடைந்தவர்னு புதுசா ஒரு கட்டம் சேர்த்தேன். ஃப்ரீகேட் டெம்ப்ளேட்ல அப்படி ஒரு கட்டமே கிடையாது, நாமளே போட்டுக்க வேண்டியதுதான்.

பி.கு.: யோயோ ஆடத் தெரிஞ்சவங்க அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை சந்திக்கலாம். பீஸ் ஒண்ணுதான் இருக்கு, வரிசையில நின்னு ஆடிக்கலாம்.